குந்தவை, வானதி, மணிமேகலை: பள்ளி வயதில் படித்ததை மறுபடி எடுத்தால் எங்கே தொடங்குவது?

கெடிலக்கரை (கடலூர்)

எல்லாருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன வாசிப்பு வட்டம் தொடங்குகிறோம். பாதிப் பேர் அம்மாக்கள், மீதி எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பெண்பிள்ளைகள். அம்மாக்கள் ஒரு காலத்தில் ராத்தூக்கம் விட்டுப் படித்த சரித்திரக் கதைகளைத்தான் எடுத்திருக்கிறோம். அதிலும் கல்கி எழுதிய இளவரசிகள் மேல்தான் கண்: பார்த்திபன் கனவு குந்தவி, பொன்னியின் செல்வனில் குந்தவை, வானதி, மணிமேகலை.

தெரியவேண்டியது இவ்வளவுதான். எதை முதலில் எடுப்பது, எந்த வேகத்தில் போவது? இவர்களில் யார் நிஜம், யார் கற்பனை என்று பிள்ளைகள் கேட்டால் எதைக் காட்டுவது? ஒருத்தர் வீட்டில் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த பழைய பைண்டு வால்யூம்கள் இருக்கின்றன. தாள் மஞ்சளாகி ஓரம் உதிர்கிறது. அதைக் கையில் கொடுத்துப் படிக்க வைக்கலாமா? கடைசியாக, கடலூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ ஒரே நாளில் போய் வருகிற தூரத்தில் இந்தப் பெண்களோடு சம்பந்தப்பட்ட இடம் ஏதாவது உண்டா?

வடவாற்றுக்காரன் (காட்டுமன்னார்கோயில்)

பார்த்திபன் கனவில் தொடங்குங்கள். 1941 முதல் 1943 வரை தொடராக வந்தது. அளவில் பொன்னியின் செல்வனில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கதை நேர்கோட்டில் போகும், பாத்திரங்களும் குறைவு. காஞ்சி வீதியில் கைதியாகக் கொண்டுபோகப்படும் சோழ இளவரசன் விக்கிரமனைக் குந்தவி பார்க்கிறாள். பார்த்ததோடு நிற்காமல், பேரரசரான அப்பாவிடமே அவனுக்காக வாதாடுகிறாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது உடனே பிடிபடும். ஒரு விஷயத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: பல்லவர் கதையில் வருபவள் குந்தவி, சோழர் கதையில் வருபவள் குந்தவை. இரண்டு கதைக்கும் நடுவே முந்நூறு வருஷம் இருக்கிறது. சொல்லாவிட்டால் பாதிப் பேர் இருவரையும் ஒருத்தியாக்கிவிடுவார்கள்.

அடுத்து பொன்னியின் செல்வன். பாகவாரியாக 57, 53, 46, 46, 91, ஆக 293 அத்தியாயம். கடைசிப் பாகம் மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு பெரிது. இதைக் கணக்கில் வைக்காமல் "பாகத்துக்கு ஒரு மாதம்" என்று போட்டால் ஐந்தாவதில் வட்டம் கலைந்துவிடும். சத்தமாகப் படித்தால் ஓர் அத்தியாயம் அரைமணிக்குள் முடியும். வாரம் ஒருமுறை கூடி நாலு அத்தியாயம் என்றால் 74 வாரம் ஓடும். அதனால் வீட்டில் நாளுக்கு மூன்று வீதம் அவரவர் படிக்கட்டும், 98 நாளில் முடியும். கூடும்போது பெண்கள் பேசுகிற அத்தியாயங்களை மட்டும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துச் சத்தமாகப் படியுங்கள்.

முதல் பாகத்தில் 14, 15, 16 கட்டாயம். ஆற்றங்கரை முதலையும், வானதி விளக்குத் தட்டைக் கீழே போடுவதும் இங்கேதான். பதிப்பைச் சோதிக்கவும் இந்த மூன்றுதான் அளவுகோல். குழந்தைகளுக்கான சுருக்கப் பதிப்புகளில் சண்டையும் குதிரையும் தப்பிவிடும், தோழிகள் பேசிக்கொள்ளும் இடம்தான் முதலில் வெட்டுப்படும். கடையில் புத்தகத்தைப் பிரித்து, படகுத்துறைப் பேச்சு முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாம் பாகத்தின் கடைசியில், யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஆசிரியரே எழுதிய முடிவுரை உண்டு, அதுவும் இருக்கவேண்டும். ஒரே வால்யூமாக வரும் தடிப் பதிப்பை வட்டத்துக்கு வாங்காதீர்கள். முதுகில் பசை மட்டும் போட்டது நாலு கை மாறினாலே நடுவில் பிளந்துவிடும். ஐந்து தனிப் புத்தகமாக, மணியம் வரைந்த படங்களோடு கிடைத்தால் நல்லது. கல்கி 1954 டிசம்பரில் காலமானார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்ற கணக்குப்படி இந்த எழுத்துக்கு இப்போது பதிப்புரிமை கிடையாது. மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் முழுவதும் இலவசமாகவே இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுத்துக் கொடுக்கலாம்.

இன்னொன்று. வாராவாரம் வந்த தொடர் என்பதால், முன்கதையை நினைவூட்டும் பத்திகள் நிறைய வரும். நாளுக்கு மூன்று அத்தியாயம் படிப்பவர்களுக்கு அது பாரம். சத்தமாகப் படிக்கும்போது தாராளமாகத் தாண்டிப் போகலாம், கதைக்கு ஒன்றும் ஆகாது.

பாகூர் வாசகி (புதுச்சேரி)

யார் நிஜம் என்ற கேள்விக்கு வருகிறேன்.

குந்தவை நிஜம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவருடைய முழு அடையாளமும் ஒரே மூச்சில் வருகிறது: ராஜராஜ தேவர் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார், ஆழ்வார் பராந்தகன் குந்தவைப் பிராட்டியார். வந்தியத்தேவன் என்ற பெயருக்கும் இந்த வரிதான் முக்கியமான சான்று. ஐந்து பாகம் குதிரை ஓட்டுகிற கதாநாயகனுக்குக் கல்வெட்டில் கிடைத்த இடம் "இன்னாருடைய கணவர்" என்பதுதான். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு அடங்க நேரமாகும்.

நாவலில் குந்தவை அதிகம் செய்வது ஓலை அனுப்புவது, ஆள் அனுப்புவது, அடுத்தவர் மனசைப் படிப்பது. கல்லில் தெரிகிற குந்தவை கணக்குப் பார்க்கிறவர். பெரிய கோயிலில் அப்பா, அம்மா இருவருக்கும் படிமம் எடுத்து வைத்தார். உமாபரமேசுவரி திருமேனிகள் இரண்டு செய்தளித்தார். கொடுத்த பொன்னெல்லாம் "ஆடவல்லான்" என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது. நகை நகையாக, முத்து எத்தனை, பவழம் எத்தனை என்பதுவரை எழுதியிருக்கிறது. பணத்தை ஊர்ச் சபைகளிடம் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்று முடிவு செய்திருக்கிறார்கள். இன்றைய கணக்கில் 12.5 சதவீதம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நல்ல வீட்டுக்கணக்கு: 40 காசு வைத்தால் வருஷத்துக்கு 5 காசு, அதில் கோயிலுக்கு என்னென்ன செலவு நடத்தலாம்? நாவலில் வரும் ஆதுரசாலையும் வெறும் கற்பனையில்லை. தஞ்சாவூரில் அப்பா சுந்தரசோழர் பெயரில் இருந்த மருத்துவசாலைக்குக் குந்தவை நிலம் விட்டது, ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் காலக் கல்வெட்டில் வருகிறது.

தேடும்போது வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. சோழர் குடும்பத்தில் குந்தவை என்ற பெயரில் ஒருவர் மட்டும் இல்லை. அரிஞ்சயனின் தேவி வீமன் குந்தவை, பாட்டி தலைமுறை. நம் குந்தவை ராஜராஜனின் அக்கா. ராஜராஜனின் மகள் பெயரும் குந்தவைதான், வேங்கி விமலாதித்தனுக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். இணையத்தில் இந்த மூவரையும் குழப்பி எழுதியது ஏராளம். கல்வெட்டில் "திருத்தமக்கையார்" அல்லது "அக்கன்" என்று இருந்தால் நம் ஆள்.

வானதிக்கு வருவோம். ராஜேந்திரனின் தாய் வானவன் மாதேவி, திரிபுவன மாதேவி என்றும் பெயர். அந்தப் பெயரைப் பிடித்து வளர்த்த பாத்திரம்தான் வானதி. மயங்கி விழுவதும் தோட்டத்துப் பேச்சும் ஆசிரியர் கொடுத்தவை. ஆனால் அவள் போடும் சபதத்தை, அதாவது சோழ சிங்காதனத்தில் ஏறி உட்காரமாட்டேன் என்பதை, கவனமாகப் படியுங்கள். ராஜராஜனின் பட்டத்தரசியாகக் கல்வெட்டுகளில் முன்னால் நிற்பவர் தந்திசக்தி விடங்கி என்கிற உலகமாதேவி. திருவையாற்றில் அவர் பெயரில் கோயிலே இருக்கிறது. அடுத்த பேரரசனைப் பெற்றவருக்கு அந்த அளவு இடமில்லை. இந்த ஓட்டையைத்தான் சபதம் அடைக்கிறது என்பது என் கணிப்பு.

நந்தினி, பூங்குழலி, மணிமேகலை மூவரும் கற்பனை. செம்பியன் மாதேவி நிஜம், அவரைப் பற்றித் தனியாகவே பேசவேண்டும்.

நாவலுக்கும் கல்லுக்கும் பெரிய வேறுபாடு ராணி வானமாதேவி விஷயத்தில். ராஜராஜனின் தாய், கணவன் இறந்தபோது குழந்தையை விட்டுத் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. நாவலில் அந்த நிழல் இல்லை. உடன்கட்டை என்றால் என்ன என்பதைச் சின்னப் பெண்களிடம் எப்போது, எப்படிப் பேசுவது என்று அம்மாக்கள் முன்கூட்டியே கலந்து முடிவு செய்துகொள்ளுங்கள். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற விஷயமில்லை அது.

நெல்லித்தோப்பு (புதுச்சேரி)

பாகூர் அக்கா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதையெல்லாம் முதல் வாசிப்பிலேயே இறக்கினால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். ஒரு பாகம் முடிந்தபின் ஒரு கூட்டம் கல்வெட்டுக்கு என்று வையுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். "இது பொய், இது நிஜம்" என்று ஒவ்வொரு பக்கத்திலும் விரல் வைத்தால் கதை செத்துப்போகும்.

அம்மாக்களுக்கு வேறொரு சிக்கல் வரும். சின்ன வயதில் எல்லாருக்கும் குந்தவை ஆகத்தான் ஆசை. இப்போது படித்தால் குந்தவை மேல் கோபம் வரும். வானதியைக் கூடவே வைத்துக்கொண்டு, தம்பிக்கு இவள்தான் என்று முடிவுகட்டி, அவள் மயக்கத்தைக்கூடக் கேலி பேசுகிற பெரியவளாகத் தெரிவாள். அந்தக் கோபத்தை அடக்காமல் பேச விடுங்கள். கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் "நல்லாருந்துச்சு" என்பதுதான் பதிலாக வரும். குறிப்பாகக் கேட்கவேண்டும்: இந்த அத்தியாயத்தில் முடிவு எடுத்தது யார், அதனால் நஷ்டப்பட்டது யார், வானதி யாரும் சொல்லாமல் தானாகச் செய்த முதல் காரியம் எது? முதல் பாகத்தில் தட்டைக்கூடப் பிடிக்கமுடியாத பெண், ஐந்தாம் பாகத்து வெள்ளத்தில் மிதக்கிற கூரைமேல் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் அவள் எங்கே மாறினாள் என்று பிள்ளைகளே பக்கம் தேடிக் காட்டட்டும்.

மணிமேகலையை விட்டுவிடாதீர்கள். 2022, 2023-இல் வந்த படத்தில் அவள் இல்லை. படம் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைக்கு அவள் முற்றிலும் புதுசு. கடம்பூர்ப் பெண், உங்கள் கடலூர் ஜில்லாக்காரி. அண்ணன் வாயால் கேட்ட வர்ணனையை வைத்தே ஒருத்தன்மேல் மனசு வைத்து, கடைசியில் செய்யாத கொலையைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். நாவல் முடிவதும் அவளோடுதான், 91-ஆம் அத்தியாயம் முழுக்க அவளுக்கே. அதை மட்டும் யாரும் சத்தமாகப் படிக்க வேண்டாம், அவரவர் தனியாகப் படித்துவிட்டு வரட்டும்.

பழைய புத்தகம் (கடலூர் முதுநகர்)

பைண்டு வால்யூம் பற்றி மட்டும் சொல்கிறேன். கையில் கொடுக்கவேண்டாம். பத்திரிகைத் தாள் மலிவான மரக்கூழில் செய்தது. அதிலேயே அமிலம் ஊறும், வெளிச்சம் பட்டால் இன்னும் வேகமாக முறியும். நம் ஊர்க் கடல் ஈரம் வேறு. பத்திரிகையின் இரும்புப் பின்னைக் கழற்றாமல் தைத்திருந்தால் துருவேறி அந்த இடத்தில் தாள் ஓட்டையாகியிருக்கும்.

செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில வருஷத்தில் பிளாஸ்டிக் கழன்று விழும், பசை மட்டும் பழுப்புக் கறையாக எழுத்தின்மேல் நிற்கும். லாமினேஷனும் வேண்டாம். கிழிசலை மெல்லிய டிஷ்யூத் தாளும் நீர்க்கக் காய்ச்சிய மாவுப் பசையும் வைத்து ஒட்டலாம். பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கிற வழக்கம் உண்டு. பழைய தாளுக்கு அது ஆகாது, செம்பு தாளை இன்னும் சீக்கிரம் கருக்கும். மறுபடி பைண்டிங்குக்குக் கொடுத்தால் ஓரம் வெட்டக்கூடாது என்று அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் கட்டிங் மெஷினில் மூன்று பக்கமும் சீவிவிடுவார்கள், உள்பக்கம் தையல் ஏறி எழுத்தையும் தின்றுவிடும்.

பூச்சி இருந்தால் வெயிலில் காயப்போடாதீர்கள். காற்றுப்புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஐஸ்கிரீம் வைக்கிற ஃப்ரீசரில், அதாவது மைனஸ் 18 டிகிரியில், இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்க உறையைப் பிரிக்கக்கூடாது. அவசரப்பட்டுப் பிரித்தால் தாளின்மேல் வேர்த்துவிடும். அலமாரி சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்துருண்டை தாளில் படக்கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் வைத்தால் போதும்.

படிக்கவேண்டும் என்றால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வால்யூமை மேஜையில் தட்டையாக மல்லாத்தாதீர்கள், முதுகு உடையும். இரண்டு அட்டைக்கும் அடியில் ஆளுக்கொரு புத்தகம் முட்டுக்கொடுத்து, பாதி திறந்த நிலையில் ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும், ஃபிளாஷ் வேண்டாம். விளம்பரப் பக்கங்களையும் சேர்த்து எடுங்கள். அந்தக் காலத்துப் புடவை, கூந்தல் தைலம் விளம்பரத்துக்கு நடுவே குந்தவையின் கொண்டையைப் பார்த்தால், மணியத்தின் படம் எந்த வாசகிகளிடம் போய்ச் சேர்ந்தது என்று தெரியும்.

கெடிலக்கரை

ரொம்ப நன்றி. செல்லோடேப் ரோலை ஒளித்து வைத்தாயிற்று. இடங்கள் பற்றி யாராவது?

வடவாற்றுக்காரன்

கடலூரிலிருந்து என்றால் சிதம்பரம் வழியாகக் காட்டுமன்னார்கோயில். கதை தொடங்குவதே வீராணம் ஏரிக்கரையில், ஆடிப் பதினெட்டில். முதல் அத்தியாயத்தைக் கரைமேல் வைத்துப் படியுங்கள், எழுபத்து நான்கு கணவாய் (மதகு) என்ற வரி அங்கே வேறு மாதிரி கேட்கும். ஆனால் ஏரி நிறைவது வடவாற்றில் வரும் கொள்ளிடத் தண்ணீரைப் பொறுத்தது, ஆடியிலும் சில வருஷம் பாதிதான் இருக்கும். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மூன்றாம் அத்தியாயத்து விண்ணகரக் கோயிலான வீரநாராயணப் பெருமாள் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

அங்கேயே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலையும் பார்த்துவிடலாம். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலத்தைப் பற்றிய ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கேதான். சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்கள் இருக்கும், நந்தினி இருக்கமாட்டாள். நிலம் பறிபோன சுற்றத்தாரில் பெரிய நங்கைச்சாணி என்று ஒரு தாயின் பெயர் வருகிறது. நாவலில் அவளுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. பிள்ளைகளை அவளை வைத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பிறகு மேலக்கடம்பூர். இப்போது நிற்கும் தேர்வடிவக் கரக்கோயில் முதலாம் குலோத்துங்கன் காலத்தது, கதைக்கு நூறு வருஷத்துக்கும் மேல் பிந்தியது. மணிமேகலை வீடான சம்புவரையர் மாளிகையைத் தேடினால் ஏமாற்றம்தான்.

கோயில்கள் மதியம் 12 மணிவாக்கில் நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறக்கும். காலையில் உடையார்குடி, உச்சி வேளையில் ஏரிக்கரை, சாயங்காலம் கடம்பூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாகூர் வாசகி

புதுச்சேரிப் பக்கம் இருந்து வருபவர்களுக்கு தாதாபுரம். திண்டிவனம் போய் வெள்ளிமேடுப்பேட்டை வழியாகப் போகலாம். பழைய பெயர் ராஜராஜபுரம். ரவிகுலமாணிக்க ஈசுவரம், குந்தவை விண்ணகர், குந்தவை ஜினாலயம் என்று சிவன், பெருமாள், சமணம் மூன்றுக்கும் ஒரே ஊரில் குந்தவை எடுத்தார். ஈசுவரமும் விண்ணகரும் இன்றும் நிற்கின்றன. பொன், வெள்ளி, முத்து என்று மூன்றுக்கும் கொடுத்த பட்டியல் கல்வெட்டில் இருக்கிறது. நாவலில் பழையாறை மாடத்தில் நிற்கிற பெண்ணைத் தஞ்சாவூருக்குப் போகாமல் இங்கேயே பிடிக்கலாம்.

இன்னொரு நாள் விருத்தாசலம் போங்கள். பழமலைநாதர் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவர் செம்பியன் மாதேவி. இளம் வயதில் விதவையாகி, மகனும் கொழுந்தன் குடும்பமும் அரியணைக்கு மோதுவதைப் பார்த்துக்கொண்டே, செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, மாற்றியவர். அரசகுமாரி கதை படிக்கிற பிள்ளைகளுக்கு அவரை யாரும் காட்டுவதில்லை, கிழவி பாத்திரமாகவே நின்றுவிடுகிறார்.

கல்வெட்டு படிக்க மாவு, சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் தடவ விடாதீர்கள். மைப்படி (எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பது) எடுக்க முன் அனுமதி வேண்டும். ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழுந்து தெரியும். "ஸ்வஸ்தி ஸ்ரீ" எங்கே என்று முதலில் தேடச் சொல்லுங்கள், அது வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் இருக்கும். அதற்குப் பிறகு வருகிற தமிழில் க, ட, ப, ம இன்றைய வடிவத்துக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில் இருப்பதால் பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். புள்ளி இருக்காது என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.